அதிகாலை விமானத்துக்குத் திருச்சியில் அறை எடுப்பதா? காரைக்குடிக் கணக்கு

செட்டிநாட்டிலும் ஒரு விமான ஓடுதளம் உண்டு. கானாடுகாத்தான் பக்கம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. பயணிகள் விமானம் எதுவும் அங்கே வருவதில்லை. ஆகவே கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று தொழிலுக்காகப் போய்வருகிறவர்களுக்குத் திருச்சிதான் வாசல். மதுரையும் ஏறத்தாழ அதே தூரம்தான். ஆனால் அந்த விமான நிலையம் ஊருக்குத் தெற்கே கிடக்கிறது. மேலூர் வழியாக வருகிறவர் ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். திருச்சியில் அந்த வம்பு இல்லை. புதுக்கோட்டை சாலையில் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே விமான நிலையம் வந்துவிடும். இதைக் கவனிக்காமல் மத்தியப் பேருந்து நிலையம் பக்கம் லாட்ஜ் போட்டு, விடியற்காலையில் வந்த வழியே திரும்பி ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதலில், அறை வேண்டுமா என்பதே கேள்வி. காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாகச் சுமார் 85 கிலோமீட்டர். காரில் ஒன்றே முக்கால் மணி நேரம், பஸ்ஸில் இரண்டரை மணி வரை ஆகும். வெளிநாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 3 மணி நேரம் முன்பு கவுண்டர் திறப்பார்கள். 60 நிமிடத்துக்கு முன் மூடுவார்கள், சில நிறுவனங்கள் 75 நிமிடத்துக்கே. நள்ளிரவு 1 மணி விமானம் என்றால் வீட்டிலேயே பலகாரம் முடித்துவிட்டு இரவு 8 மணிக்குக் கிளம்பினால் போதும், அறை வீண் செலவு. காலை 9 மணிக்கும் அப்படியே: நாலரைக்குக் கிளம்பலாம். இடையில் 4 மணி முதல் ஏழரை வரை புறப்படுகிற விமானம்தான் ஆளைப் படுத்தும். ஐந்தரை விமானத்துக்கு மூன்றுக்கு உள்ளே நிற்கவேண்டும். அப்படியானால் வீட்டை விட்டு 1 மணிக்கு இறங்கவேண்டும். அந்த நேரத்தில் உங்களுக்கு மட்டுமல்ல, டிரைவருக்கும் தூக்கம்.

பணக் கணக்கும் போட்டுப் பாருங்கள். வாடகைக் கார் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்து 170 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று பேசினாலே 2,380. லெம்பலக்குடி சுங்கமும் இரவு பேட்டாவும் தனி. முதல் நாள் மாலை பஸ்ஸில் வந்து 1,500 ரூபாய் அறையில் படுத்து, காலையில் ஆட்டோ பிடித்தால் அதைவிடக் குறையும். இருவர் மூவராகப் போனால் கார்தான் மேல்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, கணக்குப் புத்தகத்தில் ஏறாதது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். திருச்சியோ காரைக்குடிக்கு வடக்கே. புதன்கிழமை விமானம் என்றால் திங்கள் மாலையே கிளம்பிவிடு என்று ஆச்சி சொன்னால் இரண்டு நாள் வாடகை ஆகிவிடும். பெட்டியை மட்டும் திங்களன்று பரஸ்தானமாக, அதாவது பயணம் தொடங்கிவிட்டதற்கு அடையாளமாக, வேறு வீட்டில் வைத்துவிட்டுச் செவ்வாயன்று கிளம்பினால் ஒரு நாள் மிச்சம்.

பதிவு செய்யும்போது அதிகம் பேர் தவறுவது தேதியில். 12ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு இறங்குகிறீர்கள் என்றால் அறையை 11ஆம் தேதிக்குப் போடவேண்டும். 12 என்று போட்டால் அன்று பகல் 12 மணிக்குத்தான் அறை உங்களுடையது. பகல் 12 மணிக்குக் காலி செய்யும் முறையா, வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்றும் கேளுங்கள். மாலை 6க்கு வந்து மறுநாள் திருச்சியில் ஒரு வியாபாரியைப் பார்த்துவிட்டு இரவு விமானம் ஏறுகிறவருக்கு 24 மணி நேர லாட்ஜ்தான் லாபம்.

அடுத்தது ‘ஏர்போர்ட் அருகில்’ என்ற பலகை. செயலியில் காட்டுகிற தூரம் பல நேரம் நேர்கோட்டுத் தூரம். நடுவே ஓடுபாதையே ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. பழைய முனையம் சாலையை ஒட்டி இருந்தது. 2024 ஜூனில் செயல்படத் தொடங்கிய புதிய முனையம் சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்துவிடலாம் என்று பழைய நினைப்பில் வராதீர்கள். தூரத்தைப் புதிய முனையத்தின் வாசலுக்கு, சாலை வழியாக அளந்து பாருங்கள். சுப்பிரமணியபுரம், டி.வி.எஸ். டோல்கேட் பக்கமும் மலிவாகக் கிடைக்கும், ஆட்டோ கட்டாயம். பஸ்ஸில் ஏறும்போதே “ஏர்போர்ட் வழியாகப் போகுமா?” என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்தூரில் சுற்றுச்சாலை பிரிகிறது. அதில் திரும்பி பஞ்சப்பூர்ப் பேருந்து நிலையத்துக்குப் போகிற வண்டியில் இருந்தால் விமான நிலையத்தைப் பார்க்கவே மாட்டீர்கள்.

அறைக்குள் நுழைந்ததும் பணம் கட்டுமுன் பார்க்கவேண்டியவை: தாழ்ப்பாள், பிளஷ், கட்டில் பக்கத்தில் பிளக் பாயிண்ட். சாலைப் பக்க அறையை விட்டுவிடுங்கள், லாரி ஹாரன் இரவெல்லாம் கேட்கும். பின்பக்கம் ஜெனரேட்டர் இருந்தால் அதுவும் வேண்டாம். ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, வெந்நீர் எத்தனை மணிக்கு என்றும் கேட்கவேண்டும். சில இடங்களில் காலை 6க்குப் பிறகுதான் வெந்நீர் வரும், உங்களுக்கு அது உதவாது. ‘காலை டிபன் இலவசம்’ என்பதும் அந்த ரகம்தான். அது ஏழரைக்கு, நீங்கள் அதற்குள் வானத்தில். டிபன் இல்லாத வாடகை எவ்வளவு என்று கேட்டால் பல இடத்தில் குறைப்பார்கள். பொடி தடவிய இட்லி நான்கைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரவு 11க்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டு வாட்ச்மேன் தூங்கிவிடுவார். 3 மணிக்கு வெளியே போகவேண்டும் என்பதை முன்பே சொல்லி, பாக்கியைத் தீர்த்து, பில்லையும் முந்தின இரவே வாங்கிவிடுங்கள். எழுப்பிவிடுகிறோம் என்ற வாக்கை நம்பாமல் இரண்டு அலாரம் வையுங்கள். ஆட்டோவை இரவு 10க்குள் பேசி, டிரைவரின் எண்ணை வாங்கி, வாடகையையும் முடித்துவிடவேண்டும். 3 மணிக்குத் தெருவில் நின்று பேரம் பேசினால் தோற்பது நீங்கள்தான்.

சாமான் எடையை வீட்டிலேயே கைத்தராசில் போடுங்கள். மலிவு விமானங்களில் சிலவற்றில் கைப்பைக்கு 7 கிலோதான். ஆத்தங்குடிக் கல் மாதிரிக்கு எடுத்துப்போகிறவர்கள் கவனிக்கவேண்டும்: 10 அங்குலச் சதுரக் கல் ஒன்றே தோராயமாக இரண்டரை கிலோ. மூன்று வைத்தால் கதை முடிந்தது. கல்லைத் துண்டில் சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். ஊறுகாயும் பெரிய பெட்டியில்தான். பவர் பேங்க் மட்டும் கைப்பையில் இருக்கவேண்டும். கொப்பரைத் தேங்காய் எதிலும் வேண்டாம், எளிதில் தீப்பற்றும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். லாட்ஜ் வைஃபை வேலை செய்யும்போதே முடித்துவிடுங்கள்.

பில் விஷயத்தில் ஒரு மாற்றம். 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், முன்பு 12. ஆனால் இந்த 5 சதவீதத்தில் லாட்ஜ்காரருக்கு உள்ளீட்டு வரி வரவு (தாம் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. வரி போட்டால் 1,500 ரூபாய் அறைக்கு 1,575 வரும், 1,680 என்று பழைய கணக்கில் நீட்டினால் கேளுங்கள். உங்கள் கடையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் பில்லில் இருக்கட்டும். நான்கைந்து பேருக்குச் சேர்த்துக் கட்டும்போது ஒரே நாளில் ஒரே லாட்ஜ்காரருக்கு ரொக்கமாக 10,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். வங்கி வழியாகவோ யுபிஐயிலோ கட்டிவிடுங்கள்.

ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகல் கொடுங்கள். மலேசியக் கூட்டாளியோ உறவினரோ உடன் தங்கினால் பாஸ்போர்ட், விசா விவரத்தை விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவருக்கான அரசுப் படிவத்தில் இணையத்தில் ஏற்றவேண்டும். அந்த வசதி இல்லாத சின்ன லாட்ஜ்கள் வாசலிலேயே திருப்பிவிடும், ஆகவே பதிவுக்கு முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.