தக்கலையில் விடிந்த கிராமி இரவு

2024 பிப்ரவரி முதல் வாரம் நான் தக்கலை போனதற்கு முக்கியக் காரணம் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும்தான். கல்லூரி நண்பன் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கிராமி விருதெல்லாம் அப்புறம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை இரவு அவன் வீட்டில் தங்கல், அதே இரவு லாஸ் ஏஞ்சலிஸில் விழா, அதில் போட்டியில் இருந்த சக்தி இசைக்குழுவின் மேல் இருவருக்கும் பழைய பைத்தியம். அப்படியானால் தூங்குவது எப்படி?

எழும்பூரில் சாயங்காலம் ஏறினால் விடியும் முன் நாகர்கோவில். இறங்கும் அவசரத்தில் பலரும் தவறவிடுவது ஆரல்வாய்மொழி கணவாய். பெட்டி ஆட ஆரம்பிக்கும்போதே காற்று மாறிவிட்டது தெரியும், இருட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் வரிசையாக மினுங்கும். நண்பன் பைக்கோடு வந்து நின்றான். நேராக வீட்டுக்குப் போகாமல் எதிர்த்திசையில் சுசீந்திரம், ஏனென்றால் அவனுக்கு எனக்குக் காட்ட வேண்டியது ஒன்று இருந்தது. தாணுமாலயன் கோவில் அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த சிறு தூண்களின் கொத்துகள் இருக்கின்றன, தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் பேசும். இதைப் பற்றி எழுதாதவர் இல்லை, அதனால் நான் விட்டுவிடுகிறேன்.

பத்மநாபபுரம் அரண்மனையை அப்படி விட முடியாது. தக்கலையிலிருந்து கூப்பிடு தூரம். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, திங்கட்கிழமை விடுமுறை (ஞாயிறு போனதே இதனால்தான்). எல்லாரும் கருப்புக் கண்ணாடியாகப் பளபளக்கும் தரையைத்தான் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். நாங்கள் நின்றது நவராத்திரி மண்டபத்தில். இங்கே இருக்கும் சரஸ்வதிதான், கம்பர் பூசித்த சிலை என்று ஊரில் சொல்வார்கள், ஒவ்வொரு வருஷமும் நவராத்திரிக்கு யானை மேல் திருவனந்தபுரம் புறப்படுவாள், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே போவார்கள். அங்கே அவள் முன்னால் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள் நாளுக்கு ஒன்றாகப் பாடப்படும். அந்தக் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் கை தட்டக் கூடாது. எவ்வளவு பெரிய வித்வான் பாடினாலும் சரி. பெண்கள் அங்கே பாடுவதற்கே 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, முதலில் பாடியவர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாறசாலையைச் சேர்ந்த பொன்னம்மாள். கைதட்டு இல்லாத மண்டபத்தில் பகலைக் கழித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கைதட்டுக்காகவே நடக்கும் விழாவைப் பார்க்க உட்கார்ந்தோம்.

வீட்டில் நண்பனின் தாய்மாமா இருந்தார். எனக்கும் மாமாதான். ஒரு காலத்தில் வில்லிசைக் குழுவில் குடம் அடித்தவர். தெரியாதவர்களுக்கு: வில்லுப்பாட்டில் மணி கட்டிய அந்த நீள வில்லைத் தாங்கி நிற்பது மண்குடம், புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்ல, பக்கத்தில் ஒருவர் குடத்தின் வாயில் தட்டையான பத்தியால் அடிப்பார். ஓங்கி அடித்தால் வெறும் சத்தம்தான் வரும், அளவாக அடித்தால் குடத்துக்குள் இருக்கும் காற்று ‘கும்’மென்று எழும்பி நெஞ்சில் வந்து இடிக்கும். கோவில் கொடை விழாவில் நீலி கதையோ சுடலைமாடன் கதையோ விடிய விடியப் போகும் என்பதால் மாமாவுக்கு ராத்திரி கண்விழிப்பது ஒரு பொருட்டே இல்லை. “ரெண்டு மணிக்குத் தொடங்குகா? அது நல்ல சமயம்லா, கத சூடு பிடிக்க நேரம்” என்றார்.

சாப்பாட்டைச் சொல்லாமல் போனால் மாமி மன்னிக்க மாட்டார். வேகவைத்து மசித்த மரச்சீனிக்கிழங்கு, தேங்காய் அரைத்து விட்ட நெய்மீன் குழம்பு, கடைசியில் இரண்டு மட்டிப்பழம். இந்த விரல் நீளப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனால் அந்த மணம் சென்னைக்கு வந்து சேருவதில்லை. அப்புறம் முந்திரிக்கொத்து ஒரு டப்பா, ராத்திரிக்கு.

இப்போது விழா. கிராமி என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது டிவியில் வரும் அந்த மூன்றரை மணி நேரக் கொண்டாட்டம். அந்த வருஷம் விருதுப் பிரிவுகள் மொத்தம் 94. டிவி விழாவில் கொடுப்பது பத்துக்கும் குறைவு, மிச்சம் அத்தனையும் அன்று மதியமே பக்கத்து அரங்கில் நடக்கும் முன்விழாவில் மளமளவென்று கொடுத்து முடித்துவிடுவார்கள். நம்மூர் இசைக்கு எது கிடைத்தாலும் அங்கேதான் கிடைக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் மதியம் பன்னிரண்டரை, தக்கலையில் விடிகாலை இரண்டு மணி. இணையத்தில் இலவசமாகவே ஓடியது. திண்ணையில் ஒரு செம்பு மேல் போனைச் சாய்த்து வைத்து, கட்டன் சாயா போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். சிக்னல் மட்டும் அவ்வப்போது சுற்றிச் சுற்றி நின்றது, நல்ல இடமாகப் பார்த்து.

மாமாவுக்கு முதலில் அந்த வேகமே பிடிக்கவில்லை. பெயர் வாசிப்பதும், ஒருவர் ஓடி வருவதும், அரை நிமிஷம் பேசுவதற்குள் அடுத்தது. “எதுக்குடே இப்பிடி ஓடுகானுவ? பொன்னாட போடவே நம்ம ஊருல பத்து நிமிசம் ஆவும்.” நண்பன் விளக்கினான்: மேடையில் கையில் கொடுக்கும் கிராமபோன் சிலை காட்சிக்கு வைத்திருப்பது, பெயர் பொறித்த அசல் அப்புறம்தான் வீட்டுக்கு வரும். மாமா இதை ரொம்ப ரசித்தார். எழுந்து உள்ளே போய் ஒரு கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார், எப்போதோ ஒரு விழாவில் கொடுத்தது, அதில் அவர் பெயரில் ஒரு எழுத்தே தப்பு. “பெறவு அனுப்புனா இது வராதுல்லா.”

பஷ்தோ என்ற இசைத்துண்டுக்கு விருது அறிவித்தபோதுதான் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஜாகிர் உசேன் தபலா, ராகேஷ் சௌராசியா புல்லாங்குழல், பேலா ஃபிளெக் பான்ஜோ, எட்கர் மேயர் பெரிய பேஸ் வயலின். அதே பிரிவில் நம் பிரதமரின் குரல் இடம்பெற்ற சிறுதானியப் பாட்டு ஒன்றும் போட்டியில் இருந்தது, அதைப் பற்றி ஊரே பேசியிருந்தது, பஷ்தோவைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. இதே நால்வரின் ஆல்பத்துக்கு இன்னொரு விருதும் கிடைத்தது. மாமாவுக்கு ஜாகிர் உசேனைத் தெரியும், டீ விளம்பரத்திலிருந்து. “அந்த முடி ஆட்டுகவன்தானே?” என்றார், அப்புறம் நண்பன் இன்னொரு போனில் அந்த இசையைப் போட்டதும் பேச்சு நின்றது. விரல் எங்கே விழுகிறது, எங்கே வழுக்குகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, “மக்கா, ஆளைப் பாக்காதே. கையைப் பாரு” என்றார்.

சிறந்த உலக இசை ஆல்பத்துக்குப் போட்டி கொஞ்சம் பயமாகவே இருந்தது. பர்னா பாய், டேவிடோ என்று நைஜீரியாவின் பெரும் நட்சத்திரங்கள் இரண்டு பேர், பெருவின் சுசானா பாகா, இவர்களுக்கு நடுவில் சக்தி. 1970களில் ஜான் மெக்லாஃப்லின் கிதாரும் எல். சங்கர் வயலினும் ஜாகிரின் தபலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர்ந்து தொடங்கிய குழு. 1977க்கு அப்புறம் 2023 வரை ஸ்டுடியோவுக்குள் போய் ஆல்பம் போட்டதே இல்லை. நடுவில் மேண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார், 2014இல் 45 வயதில் போயும் விட்டார். 2023இல் வந்த ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்தின் முதல் துண்டே அவர் நினைவாகச் செய்தது. இப்போது பாட்டுக்குச் சங்கர் மகாதேவன், வயலினுக்குக் கணேஷ் (கணேஷ்-குமரேஷ் என்று நமக்குத் தெரிந்த சகோதரர்களில் ஒருவர்), கஞ்சிராவுக்கு விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ்.

சக்தி என்று பெயர் வாசித்த கணத்தில் சிக்னல் போனது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் போகவில்லை. தெளிவாகக் கேட்டது. நண்பன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்து, மாமி உள்ளேயிருந்து “என்னல அங்க?” என்று ஒரு சத்தம் போட்டார். மேடையில் சங்கர் மகாதேவன், கணேஷ், செல்வகணேஷ், ஜாகிர். மெக்லாஃப்லின் வரவில்லை. சங்கர் மகாதேவன் விருதைத் தன் மனைவிக்கு அர்ப்பணித்தார். நான் செல்வகணேஷையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் உலக இசை ஆல்பம் என்ற பிரிவையே கிராமியில் புதிதாகத் தொடங்கி 1992இல் முதல் விருது கொடுத்தார்களே, மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ ஆல்பத்துக்கு, அதில் கடம் வாசித்தவர் இவர் அப்பா, தபலா வாசித்தவர் இப்போது பக்கத்தில் நின்ற ஜாகிர். இடையில் முப்பத்திரண்டு வருஷம்.

மாமாவின் ஆர்வம் வேறு பக்கம் போய்விட்டது. கஞ்சிரா. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பலாமர வளையம், ஒரு பக்கம் மட்டும் தோல், ஒரே ஒரு ஜோடி சலங்கைத் தகடு. அதற்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்டார். செல்வகணேஷின் தனி ஒன்றைப் போட்டோம். வாசிப்பதற்கு முன் தோலின் உள்பக்கம் தண்ணீர் தடவுவதைக் கண்டதும் உற்சாகமாகிவிட்டார். ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், காயக் காய ஏறிவிடும், கச்சேரி நடுவிலேயே மறுபடி தடவ வேண்டும். பிடித்திருக்கும் கையின் விரலால் தோலை அழுத்தி அழுத்திச் சத்தத்தை வளைக்கிறார் என்பதை எங்களுக்குக் காட்டியதே மாமாதான், இத்தனை வருஷம் கேட்டும் நான் வாசிக்கும் கையைத்தான் பார்த்திருக்கிறேன். “அடிக்க கை சும்மாடே, வேல பூரா பிடிக்க கையிலதான் இருக்கு” என்று திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். முன்பெல்லாம் உடும்புத் தோல் போர்த்துவார்கள், இப்போது சட்டப்படி கூடாது, ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும்தான். பலாமரத்துக்கு மட்டும் இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை, ‘வளையத்துக்கு வேணும்னா நம்ம விளையில இருந்து வெட்டிக் குடுக்கலாம்’ என்ற அளவுக்குப் பேச்சு போனது.

நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போன ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “என்ன, கிரிக்கெட்டா?” என்றார். “நம்ம ஆளுவளுக்கு அமெரிக்காவுல பரிசு” என்றார் மாமா. “எவ்வளவு ரூவா?” ரூபாய் கிடையாது, சிலை மட்டும்தான் என்றதும் அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நியாயமான பதில்.

அன்று ஜாகிர் உசேனுக்கு மட்டும் மூன்று. ஒரே இரவில் மூன்று கிராமி வாங்கிய முதல் இந்தியர். ராகேஷ் சௌராசியாவுக்கு இரண்டு. அதே வருஷம் டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஜாகிர் இறந்துபோனார். இன்னும் எத்தனையோ வாசிக்க இருந்தவர் என்று வழக்கமாக எல்லாருக்கும் சொல்வோம், இவர் விஷயத்தில் அது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை.

ஆறரை மணிக்குப் பெரிய விழா ஆரம்பமானது. நான் திண்ணையிலேயே சாய்ந்துவிட்டேன். அந்த ஷிஃப்டுக்கு வந்தவள் மாமாவின் பேத்தி, பிளஸ் ஒன் படிக்கிறாள், டெய்லர் ஸ்விஃப்ட் என்றால் உயிர். எங்கள் போனைப் பறித்துக்கொண்டு யூனிஃபார்மோடு உட்கார்ந்தாள். அவள் இருந்த வரைக்கும் பார்த்ததில் எனக்குப் பிடித்தது டிரேசி சாப்மன் கிதாரோடு வந்து தன் பழைய பாட்டைப் பாடியது, அவர் முகத்தில் இருந்த சிரிப்புக்காகவே. முக்கியமான ஆல்பம் விருதைக் கடைசியில்தான் கொடுப்பார்கள், நம் நேரத்துக்குப் பத்து மணி நெருங்கிவிடும், அவளுக்கு வேன் எட்டு மணிக்கே வந்துவிட்டது. போகும்போது என்னைப் பார்த்து, “மாமா, நீங்க ஒறங்கிராதீங்கோ, பாத்து வைங்கோ” என்று மிரட்டிவிட்டுப் போனாள்.

பார்த்து வைத்தேன். செலின் டியான் வந்து அறிவித்தார், ‘மிட்நைட்ஸ்’. சாயங்காலம் பையை இறக்கும் முன்பே நான் வாயைத் திறந்தேன், “தெரியும், வேன்லயே சொல்லியாச்சு. நாலாவது தடவ. பாடுகவங்கள்ல வேற யாரும் இத நாலு தடவ வாங்குனதே இல்ல” என்றாள், ஏதோ அவளே வாங்கினது கணக்காக. மாமா மட்டிப்பழம் உரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, “அந்தப் பிள்ளைக்கு அடிக்கது யாருட்டி?” என்று கேட்டார். அவள் முழித்தாள். “பாடுக ஆளு பேரு மட்டும் தெரிஞ்சா போதுமா?” என்றார் மாமா. அவள் போனை எடுத்து வேகவேகமாகத் தேட ஆரம்பித்தாள், அதற்குள் எனக்கு நாகர்கோவில் பஸ் வந்துவிட்டது.