கரையாத நெறிக்கட்டும் ஒரு பக்கக் காகிதமும்

கழுத்திலோ காறை எலும்புக்கு மேலோ நெறி கட்டி, வலியும் இல்லாமல், ஒரு மாதம் தாண்டியும் கரையாமல் இருந்தால், அதிலிருந்து சதை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இருபதுகளில் இருப்பவர்களுக்குத்தான் இதை முதலில் சொல்ல விரும்புகிறேன். வயதைப் பார்த்ததுமே "உனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா" என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நாம்தான். எனக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்போமா, நெறி கட்டுகிற இடமான நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும்தான் அது அதிகம் வருகிறது. பிறகு 55 வயதுக்கு மேல் இன்னொரு முறை கூடுகிறது. "இந்த வயசுல வராது" என்று எனக்குச் சொல்லப்பட்ட வயதுதான் அது வருகிற வயது.

அப்போது எனக்கு 26. திருச்சியில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை, ஹாஸ்டல் வாசம், சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். முதலில் வந்தது அரிப்பு. தோலில் தடிப்போ பொரியோ எதுவும் கிடையாது, ஆனால் ராத்திரியானால் கால் இரண்டையும் ரத்தம் வரச் சொறிவேன். தோல் டாக்டர் சொறிக்கிருமி என்று பெர்மெத்ரின் லோஷன் கொடுத்தார். கூட இருக்கிறவர்களும் பூச வேண்டும் என்றதால், அறையில் இருந்த எல்லாரும் கழுத்திலிருந்து கால்வரை பூசிக்கொண்டு, போர்வை தலையணை உறையெல்லாம் வெந்நீரில் போட்டுத் துவைத்தார்கள். பாவம், அவர்கள் யாருக்கும் அரிப்பே இல்லை. எனக்கு நிற்கவும் இல்லை. அடுத்து "டென்ஷன் அரிப்பு" என்று தூக்க மாத்திரை.

இதற்கு நடுவில் எடை குறைந்தது. ஊருக்குப் போனால் சித்தி, அத்தை எல்லாரும் "நல்லா ஸ்லிம் ஆயிட்டியே, என்ன சாப்பிடுற?" என்றார்கள். பார்த்த டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார். வறட்டு இருமலுக்குச் சிரப். சாயங்காலக் காய்ச்சலுக்கு வைரஸ், தண்ணீர், ரத்தசோகை என்று ஆளுக்கொரு காரணம். ராத்திரி வேர்வையைச் சொன்னால், "அக்னி நட்சத்திரத்துல யாருக்கும்மா வேர்க்காது?" ஆனால் ஐப்பசி மழையில், பக்கத்துக் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு நடுவில், நான் மட்டும் எழுந்து நைட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். பாய் வரைக்கும் நனைந்திருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பதிலும் தப்பில்லை. அரிப்புக்குத் தோல் டாக்டர், இருமலுக்குத் தெருமுனை கிளினிக், காய்ச்சலுக்கு ஊரில் குடும்ப டாக்டர் என்று போனதால், யாருடைய மேசையிலும் எல்லாம் ஒன்றாக வந்து சேரவில்லை. எந்தச் சீட்டிலும் முந்தின சீட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது.

காறை எலும்புக்கு மேல் கட்டி தெரிந்தபோது முதன்முறையாக ஒரு பொது மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். ஊசி குத்தி உறிஞ்சி எடுக்கும் சோதனை, எஃப்.என்.ஏ.சி., செய்தார்கள். முடிவில் 'கிரானுலோமா இருக்கிறது, டி.பி. கிருமி தென்படவில்லை' என்று வந்தது. கிரானுலோமா என்பது அழற்சிச் செல்கள் திரண்டு நிற்கிற சின்ன முடிச்சு. அது டி.பி.தான் என்று முடிவாகி, நான்கு மருந்தும் சேர்ந்த மாத்திரையை எடைக்குத் தக்க ஆரம்பித்தார்கள். இதில் அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகத்தில் டி.பி. வருகிறவர்களில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரலுக்கு வெளியே அது அதிகமாகப் பிடிக்கும் இடமும் நிணநீர்க் கணுதான். ஆனால் ஹாட்ஜ்கின் வந்த கணுவிலும் கிரானுலோமா உண்டாகலாம். அதைவிட முக்கியம், அந்தக் கணுவில் புற்றுச் செல்கள் மிகமிகக் குறைவாகவே இருக்கும். சுற்றி நிற்கிற கூட்டமெல்லாம் சாதாரண அழற்சிச் செல்கள். ஊசி நுனியில் அந்தக் கூட்டம் வரும், குற்றவாளி வராமல் போகலாம்.

முழுக் கணுவையும் வெட்டி எடுத்துப் பார்த்துவிடலாமே என்று அப்போதே கேட்டேன். "பொம்பளப் புள்ள, கழுத்துல தழும்பு விழும், எதுக்கு?" என்றார். அம்மா உடனே தலையாட்டினாள். அவளுக்கு டி.பி. என்ற சொல்லே போதுமாக இருந்தது. மாத்திரை அட்டையை மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஜாதகம் வெளியே போயிருந்த நேரம் அது. அவள் பயத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன், நம் ஊரில் அது நிஜமான பயம். ஆனால் கல்யாணத்தை நினைத்துத் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வாரமும் உள்ளே இருப்பதற்குக் கிடைக்கிற வாரம். மடிப்பு ஓரமாகப் போட்ட அந்தத் தழும்பு இன்றைக்குத் தேடினால்தான் தெரிகிறது.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, மருந்து உடம்பில் சேர்கிறது என்று அர்த்தம். காய்ச்சல் மட்டும் போகவில்லை. இரண்டாவது மாதத்தில் கட்டி இன்னும் பெரிதானது. பக்கத்தில் புதிதாக ஒன்று தட்டுப்பட்டது. கேட்டால், "மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சா கொஞ்சம் வீங்கத்தான் செய்யும்" என்றார்கள். இதுவும் பொய்யில்லை, கணு டி.பி.யில் அப்படி நடப்பதுண்டு. அப்படியென்றால் மருந்து வேலை செய்யவில்லை என்பதை எதை வைத்து முடிவு செய்வது? யாரும் எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. நான் மாட்டிக்கொண்ட இடமே அதுதான்.

என் அண்ணன் ஒரு லேபில் டெக்னீஷியன். அவன்தான் சொன்னான்: "நீ வாயால சொன்னா அவங்க காதுல கதையா விழும். எழுதி எடுத்துட்டுப் போ. ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது." காலையில் ஓ.பி.க்குப் போகிறபோது எனக்குக் காய்ச்சலே இருக்காது, நர்ஸ் வைக்கிற தெர்மாமீட்டர் 98 காட்டும். அதனால் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் பார்த்து எழுதினேன். 101, 100.8, 101.4 என்று வரிசையாக வந்தது. எடையை ஒரே மெடிக்கல் ஷாப் மெஷினில் எடுத்தேன். சித்திரையில் அலுவலக மருத்துவ முகாமில் 61 கிலோ என்று எழுதிக் கொடுத்த அட்டை பையில் இருந்தது, இப்போது 54. ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காரணமில்லாமல் குறைவது, 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல், துணி நனைகிற ராத்திரி வேர்வை, இந்த மூன்றையும் லிம்போமாவில் 'பி அறிகுறிகள்' என்று தனியாகவே குறித்துக்கொள்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கட்டியின் அளவைத் தையல் டேப்பால் அளந்து தேதியோடு போட்டேன். அதுவரை சாப்பிட்ட மருந்து, எதற்கு, கேட்டதா இல்லையா என்று எதிரெதிரே எழுதினேன். கடைசியில் மூன்று கேள்வி: இது டி.பி. இல்லையென்றால் வேறு என்னவாக இருக்கலாம்? அதை எந்தச் சோதனையில் கண்டுபிடிப்பது? இன்னும் எத்தனை வாரத்தில் குறையாவிட்டால் அந்தச் சோதனையைச் செய்வீர்கள்?

அதே பொது மருத்துவரிடம் முதலில் கொண்டுபோனேன். "கூகுள் பாத்தியாம்மா?" என்றார். "இல்ல சார், இது என் உடம்பு கணக்கு. நீங்க சொல்ற வாரக் கணக்கை மட்டும் சீட்டுல எழுதிக் குடுத்துருங்க, நான் போயிடுறேன்" என்றேன். பேனாவை எடுத்தவர் கொஞ்ச நேரம் எழுதவில்லை. காகிதத்தைத் திரும்ப ஒருமுறை படித்தார். பிறகு அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ரெஃபரல் எழுதினார். மரியாதை குறையாமல் இப்படிக் கேட்பது டாக்டரோடு சண்டை போடுவதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று நான் நம்புகிறேன். வாயால் "பார்க்கலாம்" என்பது யாருக்கும் சுலபம். 'இத்தனை வாரம் காத்திருக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டு எழுத வேண்டுமென்றால், அவரும் ஒருமுறை யோசித்தாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட அண்ணன் வந்தால் டாக்டர் அவனைப் பார்த்துப் பேசுவார், அம்மா வந்தால் அம்மாவைப் பார்த்து. இளம் பெண்ணாக இருந்தால் இது நடந்தே தீரும். அதனால் உள்ளே நுழைவதற்கு முன்பே பேசி வைத்துக்கொண்டோம்: முதலில் நான் பேசுவேன், அண்ணன் கடைசியில் ஒரே ஒரு வரி சொல்வான். "ராத்திரி துணி மாத்துறத ஹாஸ்டல்ல எல்லாரும் பாத்திருக்காங்க சார்." அந்தச் சாட்சி எனக்கு உதவியது. உதவியிருக்கத் தேவையில்லை என்பது என் ஆதங்கம். என் சொல்லே போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

ரெஃபரலோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். காலை ஏழு மணிக்கு வரிசை, மதியம் ஆகிவிடும், அதை விவரிக்க ஒன்றுமில்லை. அங்கே இருந்த பெண் அறுவை சிகிச்சை நிபுணர் என் பின்னால் வந்து நின்று துப்பட்டாவை எடுக்கச் சொல்லி, கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவினார். பிறகு அக்குள், தொடை இடுக்கு, படுக்க வைத்து மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று வயிறு. அன்றுவரை என் அக்குளை ஒருவரும் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. "எக்ஸ்ரே எங்கம்மா?" என்றார். இருமலுக்கு அத்தனை பாட்டில் சிரப் குடித்த எனக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்படவே இல்லை. அன்று எடுத்ததில், நெஞ்சின் நடுப்பகுதியில் நிழல் அகலமாக விழுந்திருந்தது. மூச்சுக்குழாய்ப் பக்கம் கணுக்கள் பெருத்து அழுத்தியதுதான் அந்த இருமல்.

நெஞ்சுக்குள் அப்படிக் கட்டி இருப்பவர்களுக்கு முழு மயக்கம் கொடுப்பது ஆபத்தாகலாம் என்பதால், மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு கணுவை முழுதாக எடுத்தார். எடுத்ததை இரண்டாக்கி, ஒரு பாதியை ஃபார்மலினில், மறுபாதியை வெறும் சலைனில் போட்டார். இதை எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மலினில் போட்டால் டி.பி. கிருமி செத்துவிடும், அதிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் செய்ய முடியாது. மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் 'டி.பி.யா இல்லையா' என்ற கேள்வி பாதியில் நின்றுவிடும். சலைன் பாட்டிலை அண்ணன் தன் கையாலேயே மைக்ரோபயாலஜிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று முன்பு ஒருவர் சொல்லியிருந்தார், நான் எடுத்துக்கொள்ளவில்லை. "நல்லதாப் போச்சு" என்றார் அந்த அறுவை சிகிச்சை டாக்டர். லிம்போமா கட்டி ஸ்டீராய்டில் தற்காலிகமாகச் சுருங்கி, சதைப் பரிசோதனையையே குழப்பிவிடுமாம்.

சலைனில் போனது, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடுகிற சி.பி.நாட் சோதனையில் நெகட்டிவ். ஃபார்மலினில் போனதில், ஆந்தைக் கண் போல இரட்டைக் கரு கொண்ட ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள் இருந்தன. சி.டி.30, சி.டி.15 என்ற குறியீடுகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்து உறுதி செய்தார்கள். தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற லண்டன் மருத்துவர் 1832-இல் விவரித்த நோய். இன்றைக்குச் சிகிச்சை எடுப்பவர்களில் பெரும்பாலானோர் முழுதாகக் குணமாகிறார்கள். அந்த அறையில் அதைக் கேட்டு அம்மா அழுதாள். நான் அழவில்லை. பெயர் தெரிந்துவிட்டது, இனி வேலையைப் பார்க்கலாம் என்றுதான் இருந்தது.

டி.பி. மாத்திரையை நிறுத்தினார்கள். நோய் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டுகிற பெட் ஸ்கேனில், அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்துக்கு மேலேயே நின்றிருந்தது. ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்துச் சிகிச்சை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அதில் ஒன்று சிவப்பு நிறத்தில் இறங்கும். இரண்டு சுற்று முடிந்ததும் எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்ததால், நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பிளியோமைசினை விட்டுவிட்டு மற்ற மூன்றோடு தொடர்ந்தார்கள். முடி கொட்டியது, முளைத்தது. அரிப்பு முதல் மருந்திலேயே நின்றது. அன்று ராத்திரி விழிக்காமல் தூங்கினேன்.

ரிப்போர்ட்டோடு நிறுத்திவிடாமல், எடுத்த சதையை வைத்திருக்கிற கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள்; வேறு மருத்துவமனைக்குப் போனால் அவர்கள் அதைத்தான் கேட்பார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களின் நகலைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறையிலேயே இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள்.

போன வருடம் பழைய ஹாஸ்டல் தோழி ஒருத்திக்கும் கழுத்தில் நெறி கட்டியது. அவளும் ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனாள், வெட்டி எடுத்து இரண்டு பாட்டிலில் போடச் சொல்லிக் கேட்டாள். அவளுக்கு டி.பி.தான். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதும் அந்தச் சலைன் பாட்டிலிலேயே தெரிந்தது. மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டு முடித்து, இப்போது வேலைக்குப் போகிறாள்.