பந்தையே பார்த்து ஒரு சீசனை வீணாக்கினேன்: டிஃபென்ஸைக் கணிக்கக் கற்ற கதை

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல் பார்க்கத் தொடங்கிய முதல் வருடம் முழுக்க என் கண் பந்தின் மேல்தான். குவாட்டர்பேக் எறிவார், யாரோ பிடிப்பார். கூட வேலை பார்ப்பவர்கள் "கவர் 3-ல நடுவுல போய் எறியலாமா?" என்று அலுத்துக்கொள்வார்கள் (கவர் என்பது பாஸைத் தடுக்க எதிரணி ஆட்களை நிறுத்தும் ஏற்பாடு, எண் பெரும்பாலும் ஆழத்தில் காப்பவர்களின் எண்ணிக்கை), நானும் எல்லாம் புரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டு சிப்ஸை எடுத்துக்கொள்வேன். அடுத்த வருடம் ரோஷம் வந்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி நோட்டு போட்டு உட்கார்ந்தேன்.

முதல் தப்பு, கவர் 0-விலிருந்து கவர் 6 வரை படம் வரைந்து மனப்பாடம் செய்தது. இரண்டு வாரம் வீண். தாளில் பளிச்சென்று தெரிவது மைதானத்தில் தெரியாது, அதை மறைப்பதுதான் எதிரணியின் வேலையே.

பிறகு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வியில் நின்றேன்: கடைசி வரிசையில் நின்று நீளமான பாஸ்களைக் காக்கும் சேஃப்டி ஒருவரா, இருவரா? நடுவில் ஒருவர் மட்டும் என்றால் பெரும்பாலும் கவர் 1 அல்லது கவர் 3. இருவர் பிரிந்து நின்றால் கவர் 2 அல்லது கவர் 4. அப்போது முன்னால் ஒரு ஆள் குறையும், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது லாபம். 2021-ல் கான்சஸ் சிட்டியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் நீளமான பாஸ்களை அடைக்க அணிகள் கையாண்டது இந்த இரண்டு சேஃப்டி ஏற்பாட்டைத்தான்.

ஆனால் டிவி ஒளிபரப்பில் சேஃப்டிகள் பாதி நேரம் திரைக்கு வெளியே நிற்கிறார்கள்! இது தெரியாமல் என் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 22 பேரும் தெரிகிற ஆல்-22 பதிவைத் தேடிப் பிடியுங்கள், அது இல்லாமல் இந்தப் பாடத்தில் தேறுவது கஷ்டம்.

இரண்டாவது கேள்வி, மேனா (ஆளுக்கு ஆள் காவல்) ஸோனா (ஆளுக்கு ஓர் இடம் காவல்). ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன், பாஸ் பிடிக்கிற ஒரு ரிசீவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடக்க விடுவார்களே, அது சும்மா இல்லை. ஒரு டிஃபெண்டர் கூடவே ஓடினால் அநேகமாக மேன். யாரும் தொடராமல், ஆளாளுக்குக் கை காட்டி லேசாக நகர்ந்துகொண்டால் ஸோன். கிரிக்கெட்டில் ஃபீல்டு மாறுவதைப் பார்த்து அடுத்த பந்தை ஊகிக்கிற பழக்கம் நமக்கு உண்டு, அதே மூளைதான் இங்கும். "54 தான் மைக்" என்று குவாட்டர்பேக் கத்துவதை நான் ஏதோ ரகசியச் சங்கேதம் என்று நினைத்திருந்தேன். எதிரணியில் யாரை மையமாக (அவர்தான் 'மைக்') வைத்துத் தடுப்பது என்று, தன்னைக் காக்கும் முன்வரிசைக்குச் சொல்கிறார், பல நேரம் அவ்வளவுதான். இத்தனையும் 40 நொடிக் கடிகாரத்துக்குள் நடக்கிறது, அதில் 15 நொடி மிச்சமிருக்கும்போது ஹெல்மெட்டில் பயிற்சியாளரின் குரலும் நின்றுவிடும்.

பயிற்சி இப்படித்தான்: ஸ்னாப்புக்கு முன் படத்தை நிறுத்தி, நோட்டில் பதிலை எழுதி, அப்புறம் ஓட விட்டு சேஃப்டிகளின் முதல் இரண்டு அடியை மட்டும் பார்ப்பது. ஆரம்பத்தில் பாதிகூடத் தேறவில்லை. இருவராக நின்றவர்கள் ஸ்னாப் ஆனதும் ஒருவர் முன்னால் பாய, மற்றவர் நடுவுக்கு நழுவிவிடுவார். முன்னால் எழுதுவது ஊகம், விடை அந்த இரண்டு அடியில்தான் இருக்கிறது என்று உறைக்க ஒரு மாதம் ஆனது.

படிக்க ஒரே ஒரு ஆட்டம் சொல்லச் சொன்னால் 2025 பிப்ரவரியில் நடந்த இறுதி ஆட்டமான சூப்பர் பவுலைச் சொல்வேன். ஃபிலடெல்ஃபியா 40, கான்சஸ் சிட்டி 22. அன்று ஃபிலடெல்ஃபியாவின் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்த விக் ஃபாஞ்சியோவின் டிஃபென்ஸ் ஒரு தடவைகூட பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களை அனுப்பிப் பாய்வது) செய்யாமல் மஹோம்ஸை 6 முறை சாக் (எறியும் முன்பே வீழ்த்துவது) செய்தது. பிளிட்ஸ் வந்தால் வந்தவர் விட்டுவந்த இடம் காலியாகும், அங்கே எறியலாம். நான்கு பேர் மட்டுமே பாய்ந்து ஏழு பேர் பின்னால் நின்றுவிட்டால் எந்த இடத்தைக் காலி என்று நம்புவது? ஃபிலடெல்ஃபியாவின் கூப்பர் டிஜீன் பாஸை இடைமறித்து 38 கெஜம் ஓடி டச்டவுன் எடுத்ததை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

என் நோட்டில் இன்னும் சிவப்பு மையில் கிடப்பது டாம்பா 2. இரண்டு சேஃப்டிகளோடு முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கரும் பின்னால் ஓடுவதால் பின்னால் மூவர் ஆகி, பார்க்கக் கவர் 3 மாதிரியே இருக்கும். ஓரங்களில் நிற்கும் கார்னர்களும் ஆழத்துக்கு ஓடினால் கவர் 3, கீழேயே நின்றுவிட்டால் டாம்பா 2 என்று போன வாரம்தான் பிடித்தேன். அதிலும் பத்துக்கு மூன்று இன்னும் தப்பாகிறது.