ஒரு ராஜ்மா, இரண்டு ராஜ்மா

டெல்லி மயூர் விஹாரில், எங்கள் வீட்டுக் கூடத்தில், ஞாயிறு காலையில் ஐந்து பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித் தருகிறேன். எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பள்ளியில் இந்தி எழுதுகிறவர்கள். 247 எழுத்து அட்டவணையை நான் முதலில் எடுப்பதே இல்லை. கல்-கால், விடு-வீடு, புட்டு-பூட்டு என்று சொல்லாகவே தொடங்குவேன். அதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. எகரமும் ஒகரமும்தான் இரண்டு மாதம் இழுத்தன.

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மழை பெய்தது" என்ற வரியை "மழை பேய்தது" என்று படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து, "மழைக்குள்ள பேயா, ஆன்ட்டி?" என்று கேட்டாள். "கவனமே இல்லை இவளுக்கு" என்று அவள் அம்மா கோபித்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தி எழுத்தில் அ-ஆ, இ-ஈ, உ-ஊ இணை உண்டு. ஏ, ஓ இரண்டுக்கும் குறில் எழுத்து இல்லை. அவள் தனக்குத் தெரிந்த ஒரே ஏகாரத்தைத்தான் படித்தாள்.

ஆனால் ஓசை அவள் வாயிலேயே இருக்கிறது. இந்தியில் 'பஹலே' என்று எழுதுவதை டெல்லியில் எல்லாரும் 'பெஹ்லே' என்றுதான் சொல்கிறோம். 'பஹுத்' என்று எழுதுவது பேச்சில் 'பொஹொத்' ஆகிறது. அந்த இரண்டையும் சொல்லச் சொன்னேன். "'பெஹ்லே'ல வர்ற அந்த 'பெ'தான் இது" என்று ஒற்றைக்கொம்பைக் காட்டினேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெ... பெய்" என்றாள்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்கிறது தொல்காப்பியம். மாத்திரை என்பது கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம். நொடித்துப் பார்த்தோம். சின்ன விரல்களில் சத்தம் வரவில்லை. சரி என்று சமையலறையிலிருந்து ராஜ்மா கொண்டுவந்தேன். 'கொடு' என்றால் 'கொ'வுக்கு ஒரு விதை. 'கோடு' என்றால் 'கோ'வுக்கு இரண்டு. எரி-ஏரி, தொடு-தோடு, மெல்-மேல் எல்லாம் தரையில் வரிசையாக வந்தன. விதையை எடுத்து வைக்கும் வரை வாய் தானாக நீள்கிறது.

ஒரு காலத்தில் தமிழிலும் கொம்பு இப்படிப் பிரிந்திருக்கவில்லை. குறில் எகர, ஒகரத்துக்குப் புள்ளி வைப்பது மரபு. ஓலையில் அந்தப் புள்ளி பெரும்பாலும் விடுபட்டுப்போகும், படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர்தான் நெடிலுக்கு மேலே சுழித்த கொம்பைக் கொடுத்துப் பிரித்தார். வெளியிலிருந்து வந்து தமிழ் படித்தவருக்கு இந்த இடம் எவ்வளவு இடறியிருக்கும் என்று, என் பிள்ளைகளைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் ஒரு சந்தோஷம். எழுத்துக்கு இடப்பக்கம் கொம்பு வருவது அவர்களைக் குழப்பும் என்று பயந்தேன். இந்தியில் இகரக் குறியும் இடப்பக்கம்தான் நிற்கிறது. ஒருவர்கூடத் திணறவில்லை.

போன வாரம் அந்தப் பெண் திருநெல்வேலிப் பாட்டிக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினாள். "மழை பெய்தது. செடி நனைந்தது." 'செ'யில் முதலில் இரட்டைக்கொம்பு போட்டு, மேல் சுழியை மட்டும் ரப்பரால் அழித்திருந்தாள். அந்த இடத்தில் தாள் லேசாகக் கறுத்திருந்தது.