ஸ்விண்டனில் வீடு வாங்கப் போய் கும்பகோணத்தில் பாகம் பிரித்த கதை

"உலகில் எங்காவது உங்களுக்கு வீடோ, வீட்டில் பங்கோ இருக்கிறதா? எப்போதாவது இருந்ததா?"

இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரில் வீடு வாங்கக் கிளம்பிய எனக்கு வழக்கறிஞர் அலுவலகம் அனுப்பிய படிவத்தில் இந்தக் கேள்வி இருந்தது. வந்தது ஏழாவது வாரத்தில். அதற்குள் வீட்டைப் பார்த்து, விலை பேசி, வங்கியிடம் கடனுக்குச் சம்மதம் வாங்கி, சர்வேயருக்கும் பணம் கட்டியாயிற்று. "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போடப் போனேன். பக்கத்தில் இருந்த மனைவி, "கும்பகோணம் வீடு?" என்றாள்.

"அது அப்பா வீடு."

"அப்பா இருக்காரா?"

அப்பா 2019-இல் போய்விட்டார். உயில் எழுதவில்லை. பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, அம்மா அங்கேதான் இருக்கிறார். அது என் வீடு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் சட்டம் பட்டாவைப் பார்ப்பதில்லை. அப்பா கண்மூடிய நொடியிலேயே பங்கு வந்துவிட்டது.

வீடு தேடிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பதால் ஒரு வங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது, புரோக்கர் பிடித்துக் கொடுத்த இன்னொன்று 10 சதவீத முன்பணத்துக்கு ஒப்புக்கொண்டது. முதலில் போய்ப் பார்த்த பிளாட்டில் குத்தகை 74 வருடம்தான் பாக்கி. விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு சனிக்கிழமை வீணாய்ப் போனது. 80-க்குக் கீழே இறங்கிவிட்டால் குத்தகையை நீட்டிக்கச் செலவு கூடும், வங்கிகளும் தயங்கும். லீஸ்ஹோல்டு, அதாவது குத்தகைக் காலத்துக்கு மட்டும் நமக்கு வரும் வீடு என்றால் முதல் போனிலேயே "எத்தனை வருஷம் பாக்கி?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம் ஸ்விண்டனிலேயே குத்தகை இல்லாமல் மனையோடு சொந்தமாகும் ஒரு ஃப்ரீஹோல்டு வீடு, மூன்று படுக்கையறை, 3,25,000 பவுண்டுக்கு முடிந்தது. இங்கே வெயிலுக்காகத் தெற்கு பார்த்த தோட்டத்துக்கு மவுசு அதிகம். பின்னால் தோட்டம் தெற்கு என்றால் முன்வாசல் வடக்கு. ஏஜென்ட் தோட்டத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வீடியோ காலில், "வடக்கு வாசலா? குபேரன் திசைடா, விட்டுடாதே" என்றார்.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

முதல் வீடு வாங்குபவருக்கு இங்கே ஸ்டாம்ப் டியூட்டியில் சலுகை உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து உள்ள கணக்கில் 3 லட்சம் பவுண்டு வரை வரி இல்லை, அதற்கு மேலே 5 லட்சம் வரை 5 சதவீதம். எங்கள் வீட்டுக்கு 1,250 பவுண்டு. அதைத்தான் நான் ஒதுக்கி வைத்திருந்தேன். சலுகை இல்லையென்றால் முதல் 1,25,000-க்கு வரி இல்லை, அடுத்த 1,25,000-க்கு 2 சதவீதம், மீதிக்கு 5 சதவீதம். கூட்டினால் 6,250. சலுகைக்கு நிபந்தனை, வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் உலகில் எங்கும் எப்போதும் வீடு வைத்திருக்காதவர்களாக இருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கியதுதான் என்றில்லை. வாரிசாக வந்த பங்கும் கணக்கு. ஆக 5,000 பவுண்டு அங்கேயே போயிற்று.

"விடுதலைப் பத்திரம் எழுதி அக்கா பேருக்குக் குடுத்துடு, முடிஞ்சுது" என்றார் மாமா, அக்காவின் கணவர். எனக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி "இருக்கிறதா" என்பதோடு நிற்கவில்லையே, "இருந்ததா" என்றும் கேட்கிறார்கள். இன்று எழுதிக் கொடுத்தாலும் நேற்று வைத்திருந்தவன்தான்.

மனைவி பெயரில் மட்டும் வாங்கியிருந்தால் சலுகை கிடைத்திருக்கும். அவளுக்கு அவளுடைய அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் எழுதிக் கொடுத்தது காலி மனைதான். வீடு இல்லாத மனை இந்தக் கணக்கில் வராது. ஆனால் இரண்டு சம்பளத்தையும் காட்டித்தான் கடன் வாங்கியிருந்தோம், பத்திரத்திலும் இரண்டு பேரும் இருக்க வேண்டும் என்றது வங்கி. ஒருவர் சம்பளத்திலேயே கடன் கிடைக்கும் நிலையில் இருப்பவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று வருடமாக லைஃப்டைம் ஐசா என்ற சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 4,000 பவுண்டு போட்டுக்கொண்டு வந்தேன். அரசு அதன்மேல் 25 சதவீதம் தரும். 12,000-க்கு 3,000 சேர்ந்து, வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால் 15,000. அதுவும் முதல் வீட்டுக்குத்தான். அந்தத் தகுதி இல்லாதவன் 60 வயதுக்கு முன்னால் எடுத்தால் மொத்தத் தொகையில் 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தேன். கால்குலேட்டரை எடுத்துப் பாருங்கள். 15,000-இல் கால் பங்கு 3,750. கைக்கு வருவது 11,250. போட்ட முதலிலேயே 750 பவுண்டு காலி. கணக்கு தொடங்கும்போது விதிகளைப் படிக்காமல் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனது நான்தான். யாரைக் குறை சொல்ல?

பெரிய அடி இன்னும் பாக்கி இருந்தது. வேறொரு வீட்டில் 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள பங்கு இருந்தால், புதிதாக வாங்கும் வீட்டின் முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதல் வரி. எங்களுக்கு அது 16,250. எல்லாம் சேர்த்து 22,500 பவுண்டு. கணவன் மனைவியில் ஒருவருக்கு அப்படி இருந்தாலே போதும், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். வாரிசாக வந்த பங்கு பாதிக்கு மிகாமல் இருந்து, வந்து 3 வருடம் ஆகாமல் இருந்தால் இதற்கு மட்டும் விலக்கு உண்டு. எனக்கு 6 வருடம் ஆகிவிட்டது.

வழக்கறிஞர் அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அந்த வாரம்தான் இரண்டு வார விடுமுறையில் போனார். மாற்றாக வந்தவர், "வரி பற்றி நாங்கள் ஆலோசனை சொல்வதில்லை. பங்கின் சந்தை மதிப்புக்கு ஆதாரம் கொடுங்கள், வரி ஆலோசகரிடம் எழுதி வாங்கி வாருங்கள்" என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் போட்டார். கேள்வியை முதல் வாரமே கேட்டிருக்கலாமே என்று நான் எழுதியதற்குப் பதில் வரவில்லை.

கும்பகோணத்தில் அக்கா ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரைப் பிடித்தாள். அரசு வழிகாட்டி மதிப்பைக் காட்டித் தப்பித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இவர்கள் கேட்பது சந்தை மதிப்பு. அவர் போட்டது 1 கோடியே 45 லட்சம். அம்மா, அக்கா, நான், மூன்று பங்கு. என் பங்கு 48 லட்சத்து 33 ஆயிரம். பவுண்டு அன்று 117 ரூபாய், ஆக ஏறத்தாழ 41,300 பவுண்டு. 1,300 பவுண்டு கூடிப்போனதற்காக 16,250 பவுண்டு தண்டம்! இரண்டு நாள் நான் செய்த ஒரே வேலை மாற்று விகிதத்தைப் பார்த்தது. ரூபாய் சரியட்டும் என்று வேண்டிக்கொண்டது வாழ்க்கையிலேயே அப்போதுதான்.

மூன்றாம் நாள் அக்கா வாரிசுச் சான்றிதழை ஸ்கேன் எடுத்து அனுப்பினாள். அப்பாவின் ஓய்வூதிய வேலைக்காக 2019-இல் அவள் அலைந்து வாங்கியது. நான் அதைப் படித்ததே இல்லை. அதில் நான்கு பெயர். நான்காவது, அப்பாயி.

அப்பா இறந்தபோது அப்பாயி உயிரோடு இருந்தார். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாக அவர் தாய்க்கும் பங்கு உண்டு. நம்மில் பாதிப் பேருக்கு இது மறந்துபோகும். ஆக என் பங்கு மூன்றில் ஒன்று இல்லை, நான்கில் ஒன்று. துள்ளிக் குதித்துக் கும்பகோணத்து வக்கீலைக் கூப்பிட்டால், "அவசரப்படாதீங்க தம்பி, பாட்டி எப்ப போனாங்க?" என்றார். 2021-இல். அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். சித்தப்பாவுக்குப் பாதி. மீதிப் பாதி அப்பாவுக்கு வர வேண்டியது. அவர் முன்பே போய்விட்டதால் எனக்கும் அக்காவுக்கும். அம்மாவுக்கு அதில் கிடையாது. நான்கில் ஒன்றோடு பதினாறில் ஒன்று, ஆக என்னுடையது பதினாறில் ஐந்து. 45 லட்சத்து 31 ஆயிரம். 38,700 பவுண்டு.

சமையலறையில் நின்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் 40,000-க்குக் கீழேதான். மனைவி பாயசம் வைத்தாள்.

இதை இங்கிலீஷில் நிரூபிக்க வேண்டுமே. தாய்ப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், அப்பாயியின் இறப்புச் சான்றிதழ், வக்கீல் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. "கிழமேல் ஜாதியடி" என்றால் என்ன, "செக்குபந்தி" யாருடைய பெயர் என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்கே போன் செய்தார். முதலாவது கிழக்கு மேற்காக எத்தனை அடி என்பது, இரண்டாவது நான்கு பக்க எல்லை என்று விளக்கினேன். முதல் பிரதியில் அப்பாயி அப்பாவின் மனைவியாகியிருந்தார். கையெழுத்துப் போடும் முன் மொழிபெயர்ப்பை நீங்களும் ஒரு முறை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

அடுத்தது பணம். அம்மா அன்பளிப்பாக 22 லட்சம் ஏற்கனவே அனுப்பியிருந்தார். அதற்கே வங்கிக் கிளையில் மூன்று நடை. முதல் தடவை வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம் தீர்ந்துவிட்டது, இரண்டாம் தடவை அதற்கான அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார், மூன்றாம் தடவை "எதுக்கும்மா வெளிநாட்டுக்கு இவ்வளவு பணம், பையன்தானே உங்களுக்கு அனுப்பணும்?" என்று கவுன்டரில் எல்லார் முன்னாலும் ஒரு விசாரணை. ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கியே அனுமதிக்கிறது. அம்மாவுக்கு அது தெரியும், கவுன்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை. 10 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள், 12 லட்சத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். வருமான வரிக் கணக்கு போட்டால் திரும்ப வரும், ஆனால் அதுவரை பணம் முடங்கும். இப்போது ஸ்டாம்ப் டியூட்டிக்கு 5,000, ஐசாவில் போன 3,750, ஆக 8,750 பவுண்டு துண்டு விழுந்தது. இன்னொரு ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்தார் அம்மா. வரம்பு ஏற்கனவே தாண்டிவிட்டதால் இந்தத் தடவை முதல் ரூபாயிலிருந்தே 20 சதவீதம். இரண்டு பேர் அனுப்பினால் ஆளுக்கு 10 லட்சம் வரம்பு உண்டு. அக்கா மூலம் பாதி அனுப்பியிருக்கலாம் என்று பிறகுதான் உறைத்தது.

நண்பனிடம் கைமாற்று வாங்கியிருக்கலாமே என்பீர்கள். கணக்கில் வரும் ஒவ்வொரு பெரிய தொகைக்கும் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், கடன் என்றால் வங்கி அதையும் கணக்கில் சேர்க்கும். அம்மாவின் இரண்டாவது தொகைக்கும் புதிதாக அன்பளிப்புக் கடிதம் கேட்டார்கள். கூடவே அந்த டெபாசிட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பாஸ்புக் நகல். அந்தப் பக்கம் மை மங்கி, நிலாவெளிச்சத்தில் எழுதியதுபோல இருந்தது. அம்மா மறுபடி வங்கிக்குப் போய்ப் புதுப் பிரிண்ட் போட்டு வந்தார். 68 வயது. அந்த வெயிலில்.

இவ்வளவும் நடக்கும்போது வீட்டை விற்கிறவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டால் ஒரு பிடிப்பு உண்டு. இங்கே ஒப்பந்தம் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை வாய்ப்பேச்சுத்தான். நடுவில் யாராவது அதிகம் தருகிறேன் என்றால் அவர் மாறிக்கொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க முடியாது. நல்ல காலம், அவருக்கும் அவர் வாங்கவிருந்த வீட்டில் தாமதம். மூன்று குடும்பம் சங்கிலியாகக் காத்திருந்ததில் என் தாமதம் பெரிதாகத் தெரியவில்லை.

தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை, அக்டோபர் 24, பிற்பகலில் சாவி கிடைத்தது. வரி 6,250. அடுத்த 14 நாளுக்குள் கணக்கு காட்டிக் கட்ட வேண்டும். அதை வழக்கறிஞர் அலுவலகமே செய்துவிட்டது. விடுமுறை முடிந்து திரும்பியிருந்த பெண் வாழ்த்து அட்டை ஒன்றும் அனுப்பினார். கட்டணப் பட்டியலில் "கூடுதல் ஆவணப் பரிசீலனை" என்று ஒரு வரி இருந்தது.

அன்று சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார். வக்கீல் மூலம் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. வாழ்த்துச் சொன்னார், குளிர் எப்படி என்று கேட்டார், பிள்ளைகள் பள்ளி பக்கமா என்று கேட்டார். வைக்கப் போகும்போது, "ஏன் தம்பி, அந்த வீட்டுல எனக்கு எட்டுல ஒரு பங்குன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கியாமே?" என்றார்.

ஆமாம் சித்தப்பா என்றேன். பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.