சுண்ணாம்பு நீர் வெளுப்பதும் மீண்டும் தெளிவதும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு எளிதாகக் கிடைப்பதால், கரியமில வாயுவைக் கண்டறியும் சோதனைக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதைத் தண்ணீரில் கலக்கி, இரவு முழுவதும் மூடிவைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுத்தால் போதும். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 1.7 கிராம் மட்டுமே கரையும். மூடாமல் வைத்தால், காற்றிலுள்ள வாயுவே அதன்மேல் வெள்ளை ஏட்டைப் படியவைத்துவிடும்.

தெளிநீருக்குள் குழல் வழியே மெதுவாக ஊதும்போது, நம் மூச்சில் ஏறத்தாழ 4 விழுக்காடு உள்ள கரியமில வாயு ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டை உண்டாக்குவதால் நீர் பால்போல் வெளுக்கிறது. (ஊதலாம், உறிஞ்சக் கூடாது, அது காரநீர்.) ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக், மூச்சுக்காற்றில் இவ்வாயு இருப்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே இவ்வாறு காட்டினார்.

வகுப்பறையில் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், சுவையான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது என்பேன். வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால், கார்பனேட்டு நீரோடும் வாயுவோடும் சேர்ந்து, கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாறிவிடுவதால் கலங்கல் மறைகிறது. அதைக் கொதிக்கவைத்தால் வாயு வெளியேறி, வெண்மை திரும்புகிறது.

ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் குன்றுகளில் நடப்பதும் இதே வினைதான்: மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்ற மழைநீர் கல்லைக் கரைத்துக் குகைகளைக் குடைகிறது, அந்நீர் குகைக்குள் சொட்டும்போது வாயு பிரிந்துவிட, எஞ்சும் கார்பனேட்டு கூரையில் கல்விழுதுகளாகப் படிகிறது.