நாலு துளை ஆபரேஷனுக்குப் பதிமூன்று மாதம்

பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டேன். நாலு துளை, மூன்றாம் நாள் வீடு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியதெல்லாம் ஐந்தாவது வாரத்தில்தான் ஆரம்பிக்கிறது.

தொப்புள் பக்கத்துத் துளை காய்ந்து, நானே அதை மறந்துவிட்டிருந்தேன். குளிக்கும்போது பாசிப்பயறு அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு நாளில் உடைந்து தண்ணீர் மாதிரி கசிந்தது. ஆபரேஷன் செய்த இடத்திலேயே போய்க் காட்டினேன். "தையல் சீழ்தாம்மா, பயப்படாதீங்க" என்று ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். மூடிக்கொண்டது. பத்து நாள் கழித்துத் திரும்பவும் திறந்தது. இப்படியே மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் மேல் வயிற்றுத் துளையும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு அனுப்பினார்கள், 'வளர்ச்சி இல்லை' என்று வந்தது.

அந்த 'வளர்ச்சி இல்லை'யை நம்பித்தான் முதலில் ஏமாந்தேன். சாதாரணக் கல்ச்சர் தட்டை இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எனக்குள் இருந்தது முளைக்க அதைவிடக் கூடுதல் நாள் கேட்கிற ஜாதி. 'ஏ.எஃப்.பி. கல்ச்சர்' (காசநோய்க் கிருமியையும் அதன் குடும்பத்தையும் தேடுகிற கல்ச்சர்) என்று தனியாக எழுதிக் கேட்டால்தான் அதற்காகக் காத்திருப்பார்கள். ஆபரேஷன் துளை ஒரு மாதம் கழித்து வலியில்லாமல் கசிந்தால், முதல் சுற்றிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பயாப்ஸி. புண்ணின் ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து, சின்ன பாட்டிலில் போட்டு, என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து வெளியே இருக்கிற லேபில் சேர்க்கச் சொன்னார்கள். பாட்டிலைத் திறக்காமலே கண் எரிந்தது என்றார். அது ஃபார்மலின், சதை கெடாமல் பதப்படுத்துகிற திரவம். ஒரு வாரத்தில் ரிப்போர்ட்: கிரானுலோமா (அழற்சியில் செல்கள் திரண்ட சின்ன முடிச்சு) தெரிகிறது, காசநோயாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்ற சொல்லை அங்கே யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. கூடவே டி.பி. கோல்டு என்ற ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ் வந்துவிட்டது. கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்து போயிருந்தாலும் அது பாசிட்டிவ் காட்டும், இப்போது நோய் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

காசநோய் மாத்திரை ஆரம்பித்தார்கள். என் 48 கிலோவுக்குத் தினம் மூன்று. நிக்ஷய் என்கிற அரசாங்கக் காசநோய்ப் பதிவு, வங்கிப் புத்தக நகல், மாதம் 1,000 ரூபாய் சத்துணவுப் பணம் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. அரசாங்கப் பக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை என் வயிற்றில்தான். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, காலையில் எழுந்தால் குமட்டல், சோற்று வாசனையே ஆகவில்லை. இரண்டு மாதம் ஒரு வேளை விடாமல் விழுங்கினேன். புண் மட்டும் அப்படியே இருந்தது.

அக்கா பையன் சென்னையில் ஒரு தொற்றுநோய் நிபுணரைப் பார்க்கச் சொன்னான். ராத்திரி பஸ் ஏறிப் போனோம். ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு அவர் முதலில் கேட்டது, "பிளாக், ஸ்லைடு எங்கே?" பயாப்ஸித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்களாம், அதைக் கேட்டால் நமக்குத் தர வேண்டுமாம். நாங்கள் கொண்டுபோனது வெறும் தாள். ஒரு பயணம் வீண். ஊருக்கு வந்து லேபில் கேட்டால், நோயாளியே நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தால், பிளாக் வைத்திருக்கிற அலமாரிச் சாவி இருப்பவர் லீவு. நாலு நாள் நடந்தோம். வேறு டாக்டரைப் பார்க்கக் கிளம்பும் முன்பே பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது முறை போனபோது, முதல் பயாப்ஸி முழுவதையும் ஃபார்மலினில் போட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது ஊறுகாய் மாதிரிம்மா. கெடாம இருக்கும், உயிரோட ஒண்ணும் இருக்காது. அதுல இருந்து என்ன கிருமின்னு நான் எப்படி வளர்த்துப் பார்க்கிறது?" துண்டைப் பாதியாக்கி, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறு பாதியை வெறும் சலைனிலும் போட்டிருந்தால் இரண்டு மாத மாத்திரை மிச்சமாகியிருக்கும்.

ஆகவே மறுபடியும் கத்தி. மரத்துப்போகிற ஊசி மட்டும் போட்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. டாக்டர் துண்டை எடுத்து நீட்டினார். வாங்கிய சிஸ்டர் மூடியைத் திறந்துகொண்டே பழக்கத்தில் அலமாரியில் இருந்த பெரிய கேனை எடுத்தார். எனக்கு அந்த வாடை வந்துவிட்டது. "சிஸ்டர், அது வேண்டாம்! உப்புத் தண்ணி, உப்புத் தண்ணி!" என்று படுத்த நிலையிலேயே கத்தினேன். அந்த அறையே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், துண்டு பிழைத்தது.

அடுத்த தடை லேப் கவுண்டர். "டி.பி. டெஸ்ட்டுன்னா சளி எங்கம்மா?" என்றார் அங்கே இருந்தவர். இது சதை என்றேன். தாளைப் பார்த்தார், அதில் 'கல்ச்சர்' என்று மட்டும் இருந்தது. ஏ.எஃப்.பி. என்று எழுதாமல் வாங்க மாட்டேன், டோக்கன் பன்னிரண்டரை மணி வரைக்கும்தான் என்றார். அப்போது மணி பன்னிரண்டே கால். லிஃப்ட்டுக்கு வரிசை. என் வீட்டுக்காரர் மூன்று மாடி ஓடி ஏறி, அந்த மூன்று எழுத்தைச் சேர்த்து வாங்கிக்கொண்டு ஓடி இறங்கினார். அந்தக் கவுண்டர்காரர் மேல் அன்று எனக்கு இருந்த கோபம் இப்போது இல்லை. முன்னால் ஒருவராவது அவரைப் போல 'என்ன கல்ச்சர்?' என்று கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. மைக்ராஸ்கோப்பில் ஏ.எஃப்.பி. பாசிட்டிவ். சி.பி.நாட் என்கிற மரபணுச் சோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. உள்ளூர் டாக்டர் போனில், "ரெண்டுல ஏதோ ஒண்ணு தப்பு, மாத்திரையை விட்டுடாதீங்க" என்றார். சென்னை டாக்டரோ இதைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மைக்ராஸ்கோப்புக்குப் போடுகிற சாயம் மைக்கோபாக்டீரியக் குடும்பத்தில் யார் இருந்தாலும் பிடிக்கும். சி.பி.நாட் காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டும் தேடும். தெரு தெரிந்துவிட்டது, வீட்டு நம்பர்தான் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றாக வந்தால், காசநோய் அல்லாத சொந்தக்காரன் எவனோ உள்ளே இருக்கிறான் என்று சந்தேகப்பட வேண்டும். காசநோய்க் கிருமி திரவக் கல்ச்சரில்கூட வளர வாரக்கணக்கில் ஆகும், ஆறு வாரம் வரை பார்த்துத்தான் இல்லை என்பார்கள். என்னுடையது ஐந்தாம் நாளே வளர்ந்து நின்றது.

பெயர் மைக்கோபாக்டீரியம் அப்ஸெஸஸ். ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து பிடித்ததாக 1953-ல் முதலில் எழுதினார்களாம். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் சும்மா வாழ்கிற ஜந்து, ஆளிடமிருந்து தோல்வழி ஒட்டுகிற நோய் இல்லை. லேப்ராஸ்கோப்பிக் கருவிகளைக் கொதிக்கும் நீராவியில் வைக்க முடியாத இடங்களில் குளூட்டரால்டிஹைடு என்கிற கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைப்பார்கள். மூட்டு மூட்டாக இருக்கும் கருவியைக் கழற்றித் தேய்க்காமல் ஊறப்போட்டாலோ, ஊறிய பிறகு குழாய்த் தண்ணீரில் அலசினாலோ இவன் உள்ளே வந்துவிடுவான். பிரேசிலின் ரியோ டி ஜனேரோவில் 2006-2007-ல் இதே குடும்பத்துக் கிருமி 1,000 பேருக்கு மேல் ஆபரேஷன் புண்களில் வந்திருக்கிறது, அதுவும் 60-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில். அந்தக் கிருமி 2 சதவீதக் குளூட்டரால்டிஹைடிலும் சாகவில்லை என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். என் ராசி சரியில்லை என்று சொன்ன மாமியாரிடம் இதை முழுக்கப் படித்துக் காட்டினேன்.

பெயர் தெரிந்ததும் மருந்து கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எந்த மருந்து கேட்கும் என்ற சோதனையில், சில நாளிலேயே கிளாரித்ரோமைசின் கேட்கும் என்று தெரிந்தது. டாக்டர் அதை நம்பவில்லை, 14 நாள் வைத்துப் பார்க்கச் சொன்னார். இந்தக் கிருமிகளில் பலவற்றுக்கு ஒரு மரபணு உண்டு, மருந்தைக் கண்ட பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். முதலில் பணிந்த மாதிரி காட்டிவிட்டுப் பதினாலாம் நாள் எதிர்த்து நிற்கும். அந்தப் பதினாலு நாள் நான் தூங்கியதாக ஞாபகம் இல்லை. கடைசியில் என் கிருமியிடம் அந்த வேலை இல்லை. இந்த முழுக் கதையிலும் எனக்கு அடித்த ஒரே லாட்டரி அதுதான்.

புண் பாதையை வெட்டி எடுத்தார்கள். அமிக்கேசின் ஊசிக்கு முன் காது சோதனை, வாராவாரம் கிட்னிக்காகக் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை. கிளாரித்ரோமைசினால் வாயில் நாள் முழுக்கப் பித்தளைச் சொம்பைக் கடித்த கசப்பு. மூன்றாவது மருந்து குளோஃபாஸிமின். அதை வாங்கப் போன கடையில் சீட்டைப் பார்த்தவர், நாலு பேர் நிற்கும்போது, "இது தொழுநோய்க்குக் கொடுக்கிறதாச்சே, உங்களுக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்தில் நின்ற அம்மா ஒரு அடி நகர்ந்ததைப் பார்த்தேன். 1950-களில் டப்ளினில் காசநோய்க்காகத்தான் அந்த மருந்தையே கண்டுபிடித்தார்கள், அப்புறம்தான் அது தொழுநோய்க்குப் போனது என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியும். அன்றைக்குச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதுவும் எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஏழு கடை ஏறி இறங்கினோம். டாக்டரிடமே எங்கே கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தோல் கறுக்கும் என்பதையும் வீட்டில் முன்னாலேயே சொல்லிவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வருகிறவர் போகிறவர் எல்லாம் ரத்தம் சரியில்லை என்று பேரீச்சம்பழம் வாங்கி வருவார்கள்.

இதற்கிடையில் நிக்ஷய் பதிவு அப்படியே இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று மாதாமாதம் போன், ஒருமுறை ஊழியர் வீட்டுக்கே வந்துவிட்டார். கல்ச்சர் ரிப்போர்ட்டைக் காட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய் நோயறிதல் மாறியதாகப் பதிவை முடித்துக் கொடுத்தார். அந்தத் தாளை அவ்வளவு கவனமாகப் படித்த இரண்டாவது ஆள் அவர்.

ஆறு மாத மருந்து போன வாரம் முடிந்தது. இரண்டு துளையும் மூடியிருக்கின்றன, முகம் இன்னும் பழைய நிறத்துக்கு வரவில்லை. ஃபைலோடு ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போனேன். "எங்க கேஸ்ல இப்படி வந்ததே இல்லையே" என்றார்கள். கருவிகளை அலசுவது எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறோம் என்று என் நம்பரை எழுதிக்கொண்டார்கள். இதுவரை போன் வரவில்லை.